சிங்கப்பூர் வளர்ந்த விதம்

(பொதுக்கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் சிங்கப்பூரைப் பற்றியதாகும். இது இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான விஷயந்தான். ஏனெனில், இங்கு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் பாட்டனாரையோ, தமையனையோ, மகனையோ அந்த ஊருக்குக் கப்பலிலாவது விமானத்திலாவது அனுப்பாத குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்கப்பூர்த் தைலமும், சிங்கப்பூர்ச் சட்டையும் நம் வீடுகளில் புழங்குகின்றன. ஆனால், அந்த ஊர் எப்படி அப்படி ஆயிற்று என்கிற விசாரணை மட்டும் நம் வீடுகளில் புழங்குவதில்லை.

கேட்டால் இரண்டுவிதமான பதில் வருகின்றது. கோயில் வாசலில் கேட்டால், அது லட்சுமி கடாட்சமுள்ள மண் என்கிறார்கள். காப்பிக்கடையில் கேட்டால், லீ குவான் யூ என்ற ஒரே மனிதர் சாட்டையைக் கையில் எடுத்தார், நாடு உருப்பட்டது, நமக்கும் அப்படி ஒருவர் வந்தால்தான் விமோசனம் என்கிறார்கள். முதலில் சொன்னவரைப் பார்த்து இரண்டாவது ஆசாமி சிரிக்கிறார். ஆனால், அவதாரம் வந்து நம்மைத் தூக்கிவிடும் என்று காத்திருப்பதில் இருவருக்கும் என்ன வித்தியாசம் இருக்கின்றது என்று கேட்கிறோம். ஆகையால், காரணத்தைத் தேடிப் பார்ப்போம்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ராஜகுமாரன் அந்தத் தீவில் கால் வைத்ததும் ஒரு மிருகத்தைக் கண்டானாம். அது சிங்கம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். அதனால் சிங்கபுரம் ஆயிற்றாம். அந்தக் காடுகளில் புலி இருந்ததுண்டு; சிங்கம் என்றைக்கும் இருந்ததில்லை. இல்லாத மிருகத்தின் பேரால் ஒரு தேசமே அழைக்கப்படுகின்றது. நிற்க.

1819-ம் வருஷம் ஜனவரி மாதம் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபில்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் அங்கு வந்து இறங்கினார். பிப்ரவரி 6-ந் தேதி மலாய்த் தலைவர்களோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அப்போது தீவில் சுமார் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஐந்தாம் வருஷம், அதாவது 1824-ல், ஜனத்தொகை 10,683. இது எந்தக் கடாட்சத்தால் என்று பார்த்தால், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகிற கப்பல்கள் நுழைந்தே தீரவேண்டிய மலாக்கா ஜலசந்தியின் முனையில் அந்தத் தீவு இருக்கின்றது. இறக்குமதி, ஏற்றுமதி வரி அங்கே கிடையாது என்று ராஃபில்ஸ் செய்துவிட்டார். பக்கத்திலிருந்த டச்சுக்காரர் துறைமுகங்களில் வரி. வியாபாரி எங்கே போவான்? இதற்கு ஜோசியம் பார்க்கவேண்டியதில்லை.

ஆனால், துறைமுகத்தில் வரியில்லையென்றால் போலீசுக்கும், கோர்ட்டுக்கும், துரைமார் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் சரித்திரப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. அபினியிலிருந்து வந்தது, தோழர்களே! அபினி விற்கும் உரிமையைச் சர்க்கார் குத்தகைக்கு விட்டது. மூட்டை தூக்கும் சீனக் கூலி, உடம்பு வலி தெரியாமலிருக்க அபினி புகைத்தான். அவன் காசு குத்தகைதாரனுக்கும், குத்தகைதாரன் காசு சர்க்காருக்கும் போயிற்று. வெகுகாலம் வரையில் சர்க்கார் வருமானத்தில் மிகப் பெரிய தனி இனம் இதுவே. 1910-ல் குத்தகையை நிறுத்தினார்கள். ஒழுக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்காரே வியாபாரத்தை நேராக எடுத்துக்கொண்டது! மிகவும் நாகரிகமான வெள்ளைக் கட்டடங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவைகளுக்கு அஸ்திவாரம் எது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கவேண்டும்.

அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களிலும் நம்மவர்கள் உண்டு. 1825 முதல் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுபோய் ரோடு போடவும், சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும், கட்டடம் கட்டவும் விட்டார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்கிற பெரிய மாதாகோயில் அவர்கள் கட்டியது. அதன் சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவும், சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரும் கலந்து அரைத்தது. ராஃபில்ஸோடு வந்த நாராயண பிள்ளை என்பவர் செங்கல் சூளை போட்டார். பிறகு மாரியம்மன் கோயிலும் கட்டினார். சூளை வைத்தது ஊருக்குப் பயன்பட்டது. கோயிலைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

1867 வரையில் இந்தத் தீவை ஆண்டது கல்கத்தாவிலிருந்த சர்க்கார். அதன் பிறகு லண்டன் நேரடியாக எடுத்துக்கொண்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. மலாய் நாட்டு வெள்ளீயமும், ரப்பரும் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் வெளியே போயின. ரப்பர் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர். அந்தப் பாலை எடுக்க மலாயாவுக்குக் கங்காணிகள் நம் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்த கதை உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும்.

பிறகு 1942-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி வந்தது. அசைக்க முடியாத கோட்டை என்று பிரிட்டிஷார் பெருமையடித்துக்கொண்ட ஊரை ஜப்பான்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் சிறைக்குப் போனார்கள். மூன்றரை வருஷ காலம் பஞ்சமும், சீனர்கள்மேல் படுகொலையும் நடந்தன. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர் திரும்பி வந்தபோது, பழைய மரியாதை திரும்பி வரவில்லை. எஜமானன் ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டவன் மறுபடியும் சலாம் போடுவானா?

ஆகவே, அரசியல் கிளர்ச்சி தொடங்கிற்று. 1948-ல் பேருக்கு ஒரு தேர்தல், ஆறு ஸ்தானங்களுக்கு மட்டும். 1955-ல் டேவிட் மார்ஷல் முதல் மந்திரியானார். அதே வருஷம் பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்று கலகமாக முடிந்து உயிர்கள் போயின. 1959-ல் உள்நாட்டு சுயாட்சி. மக்கள் செயல் கட்சி 51 ஸ்தானங்களில் 43-ஐப் பிடித்தது. லீ குவான் யூ பிரதம மந்திரியானார். 1963 செப்டம்பரில் மலேசியாவோடு சேர்ந்தார்கள். 1964-ல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இரண்டு தடவை கலகம். 1965-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி மலேசியாவிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். மற்ற நாடுகள் சுதந்திரத்தைப் போராடி வாங்கின. இவர்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதே சுதந்திரமாயிற்று.

அன்றைய நிலைமையைச் சொல்லுகிறோம். சுமார் 19 லட்சம் ஜனங்கள். இடம் 600 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730-க்கு மேல் ஆக்கியிருக்கிறார்கள். இதுவும் நம் சென்னை மாநகராட்சி எல்லையைப்போல் இரண்டு பங்கு ஆகாது. குடிதண்ணீர் அயல்நாட்டிலிருந்து குழாயில் வரவேண்டும். இந்த நிலைமையில் 1968-ல் பிரிட்டிஷார், எங்கள் ராணுவத்தை 1971-க்குள் எடுத்துக்கொண்டு போகிறோம் என்றார்கள். நாட்டு வருமானத்தில் சுமார் 100-க்கு 20 பங்கு அந்தப் பட்டாளத்தை நம்பி இருந்தது. அன்று தலைக்குச் சுமார் 500 அமெரிக்க டாலராயிருந்த வருஷ வருமானக் கணக்கு, 2023-ல் 80,000 டாலருக்கு மேலே போயிற்று. இதற்கு நடுவில் நடந்தது என்ன என்பதுதான் கேள்வி.

நம் அபிப்பிராயத்தில், எல்லாவற்றுக்கும் முதலாவது நிலம். 1966-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பொதுக்காரியத்துக்கு எந்த நிலம் வேண்டுமானாலும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம். விலை சர்க்கார் வைப்பதே. 1973-க்குப் பிறகு, சந்தையில் நிலம் எவ்வளவு ஏறினாலும் அந்த வருஷத்து விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்றும் வைத்தார்கள். மிராசுதாரர் வயிறெரிந்தார். கோயிலானாலும், மசூதியானாலும், மாதாகோயிலானாலும், ரோடும் வீடும் வரவேண்டிய இடத்தில் இருந்தால் பெயர்ந்து வேறிடம் போயிற்று. எந்தச் சாமியும் அதைத் தடுக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு முச்சந்திப் பிள்ளையாருக்காக ரோடு வளைந்து போகிற அழகை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இன்று அந்தத் தீவில் 100-க்கு சுமார் 90 பங்கு நிலம் சர்க்காருடையது.

அந்த நிலத்தில் வீடு கட்டினார்கள். வெள்ளைக்காரர் வைத்திருந்த வீடமைப்பு ஸ்தாபனம் 1927-லிருந்து 32 வருஷத்தில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். 1960-ல் ஏற்பட்ட வீடமைப்புக் கழகம் முதல் ஐந்தே வருஷத்தில் 50,000-க்கு மேல் கட்டியது. 1961-ம் வருஷம் மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் தெருவில் நின்றார்கள். இதே இங்கே நடந்திருந்தால் வேட்டியும் சேலையும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே எரிந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. இன்று நிரந்தரமாகக் குடியிருப்போரில் 100-க்கு 80 பேருக்குக் கொஞ்சம் குறையப் பொது வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் வாடகைக்கு அல்ல, 99 வருஷப் பாத்தியதையோடு. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்து முதலாளி பங்கையும் சேர்த்து வைக்கும் சேமநிதியிலிருந்து வீட்டுக் கிரயத்தைக் கட்டலாம் என்று 1968-ல் வழி செய்தார்கள்.

இந்தச் சேமநிதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது ஏற்பட்டது 1955-ல். லஞ்ச ஒழிப்பு இலாகா ஏற்பட்டது 1952-ல். துறைமுகம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தியது. லீ குவான் யூ பதவிக்கு வந்ததோ 1959-ல்! ஆகவே, ஒரே மனிதர் வெறும் கையை நீட்டி உண்டாக்கினார் என்பது புராணமே தவிர வேறில்லை. அவருடைய திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ஜூரோங் சதுப்பில் தொழிற்பேட்டை போட்டது கோ கெங் சுவீ. அதை அவருடைய பைத்தியக்காரத்தனம் என்று ஊரே கேலி செய்தது. வீடு கட்டும் கழகத்தை நடத்தியது லிம் கிம் சான். எந்தத் தொழில் வரும், எது வராது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆல்பர்ட் வின்சீமியஸ் என்ற டச்சுக்காரர். ராஃபில்ஸ் சிலையை உடைக்காமல் அப்படியே விடுங்கள், அதைப் பார்த்தால்தான் வெளிநாட்டு முதலாளிக்குத் தைரியம் வரும் என்று யோசனை சொன்னவரும் அவரே. சிலைக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம் உண்டு போலும்!

முதலாளி வந்தான், ஆனால் சும்மா வரவில்லை. 1968-ல் செய்த தொழிலாளர் சட்டங்களில் விடுமுறைகள் குறைந்தன. ஆளை நீக்குவது, உயர்த்துவது, மாற்றுவது பற்றிச் சங்கம் பேரம் பேசும் உரிமை போயிற்று. சங்கங்கள் பெரும்பாலும் ஆளுங்கட்சியோடு சேர்ந்து போகும் ஒரே மகாசங்கத்துக்குள் வந்தன. வேலை கிடைத்தது, வயிறு நிறைந்தது, வீடும் வந்தது, வேலைநிறுத்தம் அபூர்வமாயிற்று. இதை வெறும் லாபம் என்றோ வெறும் நஷ்டம் என்றோ நாம் சொல்லவில்லை. விலை கொடுத்தவன் தொழிலாளி என்பதைமட்டும் சிங்கப்பூரைப் புகழுகிற நம் முதலாளிமார் சொல்லுவதில்லை.

இனி நம் இயக்கத்தாருக்கு மிகவும் சுவாரசியமான விஷயங்களுக்கு வருகிறோம்.

1961-ல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது. அதுவரையில் அங்கே சீனரும், இந்துக்களும் எத்தனை பெண்டாட்டி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தால் முஸ்லிம்களல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்திதான் என்று ஆயிற்று. சொத்து வைத்துக்கொள்ளவும், தொழில் செய்யவும் மனைவிக்குத் தனி உரிமை வந்தது. சான் சோய் சியோங் என்ற அம்மையார் சட்டசபையில் இதற்காக வாதாடினார்.

1968-ல் பொது விடுமுறைகளைப் 16-லிருந்து 11 ஆகக் குறைத்தார்கள். எல்லா மதத்தாருக்கும் கை வைத்தார்கள். தைப்பூச விடுமுறை அதில் போயிற்று. முருகன் கோபிக்கவில்லை, துறைமுகமும் மூழ்கவில்லை.

1989-ல் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் முதலானோர் இத்தனை என்று அளவு வைத்து, ஒரே கூட்டத்தார் ஓரிடத்தில் சேராதபடி செய்தார்கள். இதில் சிறுபான்மையோருக்கு வீடு விற்பதில் கஷ்டம் உண்டு. அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும், ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால் என்று குடியிருக்கும் நாம், அந்த மாடிப்படியில் நாலு ஜாதிச் சனம் ஏறி இறங்குவதை யோசித்துப் பார்க்கவேண்டாமா?

தண்ணீர் விஷயம் இதைவிட வேடிக்கை. 1962-ல் ஜோகூரோடு செய்த ஒப்பந்தம் 2061-ல் முடிகின்றது. அதற்குள் என்ன செய்வது? வருண ஜபமா செய்தார்கள்? சாக்கடைத் தண்ணீரை நுண்ணிய சவ்வுகளில் வடித்து, ஒளியால் கிருமியைக் கொன்று, நல்ல தண்ணீராக்கினார்கள். 2002-ம் வருஷ தேசிய தினத்தில் மந்திரிகளும் ஜனங்களும் புட்டியைத் தூக்கி அதைக் குடித்தார்கள். 2003 முதல் தொழிற்சாலைகளுக்கும், கொஞ்சம் நீர்த்தேக்கங்களுக்கும் போகின்றது. யார் கை பட்ட தண்ணீர் என்று கேட்டுக் கிணற்றைப் பூட்டி வைத்த ஆசாரக்காரருடைய பேரன் அங்கே வேலைக்குப் போய் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறான். தீட்டு எங்கே போயிற்று என்று அவனைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிச் சொல்லுவதால் அங்கே எல்லாம் பகுத்தறிவு ஆட்சி என்று எண்ணிவிடக்கூடாது. 1984-ல் ஒரு கூத்து நடந்தது. படித்த தாய்மாரின் பிள்ளைகளே புத்திசாலிகளாகப் பிறப்பார்கள் என்று எண்ணி, பட்டம் பெற்ற தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முன்னுரிமை கொடுத்தார்கள். படிப்பில்லாத ஏழைத் தாயார், குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் பணம் என்றார்கள். இது பிறவியால் உயர்வு தாழ்வு சொல்லும் பழைய வருண தர்மம் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்ததே தவிர வேறென்ன? ஆனால், அந்த ஊர் ஜனங்கள், பட்டதாரிப் பெண்கள் உள்பட, அதை எதிர்த்தார்கள். தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஓட்டு குறைந்தது. 1985-ல் பள்ளிக்கூட முன்னுரிமையை எடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் போதும் என்று 1972-ல் சொன்ன சர்க்கார், முடிந்தவர்கள் மூன்றும் பெறுங்கள் என்று 1987-ல் கெஞ்சிற்று. 2023-ல் சராசரி ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைக்கும் குறைவு. சர்க்கார் சொன்னால் பெறுவதற்குப் பெண்கள் யந்திரங்களா?

அரசியல் சுதந்திரக் கணக்கும் இப்படியே. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சியாரையும், சங்கத்தாரையும், பத்திரிகையாளரையும் விசாரணையில்லாமல் அடைத்தார்கள். சியா தை போ என்ற சட்டசபை அங்கத்தினரை 1966-ல் பிடித்தார்கள். 1989 வரையில் விசாரணையே இல்லாமல் காவல். பிறகும் 1998 வரையில் கட்டுப்பாடுகள். என்ன குற்றம் செய்தார் என்று ஒரு கோர்ட்டிலும் சொல்லப்படவில்லை. 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் ஜெயிக்கும் வரையில் பல வருஷமாகச் சட்டசபையில் எதிர்க்கட்சி ஆள் ஒருவர்கூட இல்லை. அவரை மானநஷ்ட வழக்குகள் துரத்தி, 2001-ல் இன்சால்வென்ட் ஆகி ஸ்தானத்தையும் இழந்தார். 2025 மே மாதத் தேர்தலிலும் அதே கட்சிதான், 97-ல் 87. லஞ்சத்தைப் பொறுத்தவரையில் அங்கே முகம் பார்ப்பதில்லை என்பது உண்மை. 2024-ல் ஈஸ்வரன் என்ற முன்னாள் மந்திரிக்கே, வெகுமதி வாங்கியதற்காக 12 மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது. அதைப் புகழுங்கள். ஆனால், கேள்வி கேட்டவனை அடைத்ததால்தான் ரோடு சுத்தமாயிற்று என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள். ரோட்டைக் கூட்டியவன் வேறு.

அவன் யாரென்றால், நம் பக்கத்து ஆளும், வங்காள தேசத்து ஆளுமே. 2024-ல் அந்தத் தீவில் 60 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். குடிமக்கள் சுமார் 36 லட்சம். மீதியில் கட்டடத்திலும், கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் பெர்மிட்காரர்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிவர உரிமை இல்லை. லாரியின் திறந்த பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேர், 20 பேர் என்று படுத்திருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொற்றிற்று. ஊர் ஜனங்கள் வெளியே நடமாட ஆரம்பித்த பின்னும் இவர்கள் வெகுகாலம் அடைபட்டிருந்தார்கள். இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்த சர்க்காருக்கு ஓர் அறைக்கு எத்தனை பேர் என்கிற கணக்கு தெரியாமலா போயிற்று?

அதே தீவில்தான் தமிழ் ஆட்சிமொழி நான்கில் ஒன்று. 1935-ல் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசைத் தொடங்கி, ஜாதிச் சங்கங்களாய்ப் பிரிந்து கிடந்த தோழர்களைத் தமிழர் என்று ஒன்றுகூட்டப் பாடுபட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்த மொழியுரிமை இந்தக் கூட்டத்திலுள்ள தகப்பன்மாருக்கு இன்றைக்கே உபயோகப்படும். எப்படியெனில், பெர்மிட்டுக்கு முன்னால் அந்த நாட்டுச் சர்க்கார் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தைத் தொழிலாளியின் சொந்த மொழியில், அவன் புறப்படுவதற்கு முன்பே முதலாளி அனுப்பவேண்டும் என்பது சட்டம். அதில் அடிப்படைச் சம்பளமும், பிடித்தமும் எழுதியிருக்கும். தொழிலாளி எழுத்து மூலம் சம்மதிக்காமல் அதைக் குறைக்கக் கூடாது. அந்த நாட்டு ஏஜெண்டு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூலி வாங்கக் கூடாது. ஆகவே, இங்கே ஏஜெண்டு ஒருவர் கதர் சட்டையோ, வெள்ளைச் சட்டையோ போட்டுக்கொண்டு வந்து, நிலத்தை அடகு வைத்துப் பணத்தைக் கட்டு என்று சொன்னால், ராசி நட்சத்திரம் பார்த்து நாள் குறிக்கப் போகாதீர்கள். அந்தத் தமிழ்க் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பையனையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கின்றது, ஏஜெண்டு வாயால் சொன்னது எவ்வளவு என்று அப்போதே ஒத்துப் பாருங்கள். கடிதம் பிறகு வரும் என்று அவர் சொன்னால், பணமும் பிறகு வரும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.